கிளட்ச் பெடல் கீழேயே நின்றுவிடுகிறது: 2 முறை ஏர் எடுத்தும் அதே கதை

ராயபுரம்13 | செவ்வாய், இரவு 9:50

வணக்கம். வண்டி 2013 மாடல் டீசல் ஹாட்ச்பேக். 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கி 2 வருஷம் ஆகிறது.

போன வாரம் மணலிக்கு வேலைக்குப் போகும்போது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றேன். கேட் திறந்ததும் கிளட்சை மிதித்தேன், பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தும் மேலே வரவில்லை. பின்னால் கன்டெய்னர் லாரி, அவன் ஹாரனை விட்டு கையையே எடுக்கவில்லை. ஷூ முனையைப் பெடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, ஐந்தாறு தடவை பம்ப் அடித்த பிறகுதான் முதல் கியர் விழுந்தது.

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால், கிளட்சுக்கும் சேர்த்து இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. நிறம் டீ டிகாக்‌ஷன் மாதிரி. எங்கள் பக்கத்து மெக்கானிக் ஆயில் ஊற்றி, கிளட்ச் பைப் முனையில் இருக்கும் சின்னத் திருகை (நிப்பிள்) திறந்து, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்துக் கொடுத்தார். 300 ரூபாய். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடி அதே கதை. மறுபடி ஏர். மூன்றாவது தடவை போனதும், "கியர்பாக்ஸை இறக்கணும், பிளேட் செட் போயிடுச்சு, 18 ஆயிரம் ஆகும்" என்கிறார். வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு ஆயில்கூட விழவில்லை. உண்மையிலேயே பிளேட்தானா?

பெரம்பூர்_பிரியாணி | செவ்வாய், இரவு 10:15

கேபிள் லூஸாகியிருக்கும் தல. நட்டை இரண்டு சுற்று டைட் பண்ணுங்கள், சரியாகிவிடும். என் வண்டியில் அப்படித்தான் செய்தேன்.

வீட்டுமெக்கானிக் | செவ்வாய், இரவு 10:22

பிரியாணி, அவர் பிரேக் ஆயில், நிப்பிள், ஏர் என்று எழுதியிருக்கிறார், நீங்கள் கேபிளுக்குப் போய்விட்டீர்கள். அது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்ச், அதில் கேபிளே கிடையாது. புல்லட் பைக் தயாரித்த திருவொற்றியூர் பக்கம் என்பதால் கிளட்ச் என்றாலே நமக்கெல்லாம் கேபிள்தான் ஞாபகம் வருகிறது போல!

பழைய_பிஸ்டன் | புதன், காலை 6:05

தம்பி, 18 ஆயிரத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கடையில் லாரி ஷெட்டில் 30 வருஷம் இருந்தவன் சொல்கிறேன்.

பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்திப் பாருங்கள். இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறமாட்டேன் என்கிறது என்றால் பிளேட். உங்களுக்கு அது இல்லை. உங்களுக்குக் கிளட்ச் விடுபடவே இல்லை, அதனால்தான் கியர் விழ மறுக்கிறது. அதுவும் பம்ப் அடித்தால் சரியாகிறது. பம்ப் அடித்ததும் பிளேட் புதிதாகிவிடுமா என்ன? ஆயிலில் காற்று இருக்கிறது, இல்லை மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் வாஷர் பிரஷரைப் பிடிக்கவில்லை. இரண்டில் ஒன்று.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், ஆயில் கீழ் சிலிண்டரைத் தள்ளும், அது பேரிங்கைத் தள்ளிக் கிளட்சைப் பிரிக்கும். ஆயிலை நெருக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். உள்ளே கொஞ்சம் காற்று இருந்தாலும் உங்கள் மிதியெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதற்கே செலவாகிவிடும்.

ஆனால் மூடிய பைப்புக்குள் காற்று சும்மா வராது. டப்பாவில் அளவு குறைந்தது என்கிறீர்களே, அந்த ஆயில் எங்கே போனது? அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கீழ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளேயா? பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸ் கூடு) அடியில் கை வைத்தால் ஈரம் இருக்கிறதா? டிரைவர் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் மேட்டைத் தூக்கினால் எப்படி இருக்கிறது?

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | புதன், காலை 7:40

இடையில் ஒரு எச்சரிக்கை. நானும் கடலோரம்தான். நம்ம பக்கம் உப்புக் காற்றில் நிப்பிள் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். போன வருஷம் நான் ஓப்பன் ஸ்பேனர் போட்டுத் திருகி, முதலில் முனை மழுங்கியது, அப்புறம் நிப்பிள் கழுத்தோடு முறிந்து பாதி சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிட்டது. 200 ரூபாய் வேலைக்குச் சிலிண்டரையே மாற்றினேன். முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். காலையில் தலைப்பக்கம் லேசாக இரண்டு தட்டு, அப்புறம் ரிங் ஸ்பேனர். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு இழை அசைத்துவிட்டுத்தான் திறக்கணும்.

ராயபுரம்13 | புதன், இரவு 8:30

பிஸ்டன் அண்ணே, பார்த்துவிட்டேன். சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளே. வெளியே ஒரு சின்ன பைப்பும் நிப்பிளும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. பெல் ஹவுசிங் அடியில் தூசிதான், காய்ந்து கிடக்கிறது. ஈரம் இல்லை.

டிரைவர் பக்கம் மேட் நனைந்துதான் இருக்கிறது. ஆனால் அது ஏசி தண்ணீர். மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார்.

பழைய_பிஸ்டன் | புதன், இரவு 9:10

உள்ளே இருப்பதை சிஎஸ்சி (கான்சென்ட்ரிக் ஸ்லேவ் சிலிண்டர்) என்பார்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் சுற்றி வளையம் மாதிரி உட்கார்ந்திருக்கும். குவாலிஸ், இன்னோவா மாதிரி வண்டிகளில் சிலிண்டர் வெளியே தெரியும், ரப்பர் தொப்பியை விலக்கிப் பார்த்தாலே லீக் தெரிந்துவிடும். சிஎஸ்சி லீக் ஆனால் ஆயில் பெல் ஹவுசிங் அடி வழியாகத்தான் சொட்டணும், அப்போது கியர்பாக்ஸை இறக்கியே ஆகணும். உங்களுடையது காய்ந்து கிடக்கிறது. இப்போதைக்கு அந்தப் பக்கம் சந்தேகம் இல்லை.

மேட்டுக்கு வருவோம். ஏசி தண்ணீர் உள்ளே ஒழுகினால் பெரும்பாலும் இடது பக்கம், பக்கத்து சீட்காரர் காலடியில்தான் நனையும். உங்கள் காலடி ஏன் நனையணும்?

ஒரு வெள்ளை டிஷ்யூவை எடுத்து ஈரத்தில் அழுத்துங்கள். தண்ணீர் என்றால் காகிதம் சும்மா நனையும். பிரேக் ஆயில் என்றால் லேசான பழுப்பு ஏறும், விரலில் தேய்த்தால் வழவழவென்று இருக்கும். சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரிலேயே கழுவினால் போயும்விடும், இன்ஜின் ஆயில் அப்படிப் போகாது. அப்புறம் டார்ச்சை எடுத்துக்கொண்டு தலையைக் கீழே விட்டு, கிளட்ச் பெடல் மேலே எங்கே போய் மாட்டுகிறது என்று பாருங்கள்.

ராயபுரம்13 | வியாழன், காலை 7:15

அண்ணே, கண்டுபிடித்தாச்சு!

சீட்டைப் பின்னால் தள்ளி, மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். கிளட்ச் பெடலின் இரும்புத் தண்டில் கறுப்பு பெயிண்ட் மேலிருந்து ஒரு விரல் அகலத்துக்குக் கோடாக உரிந்திருக்கிறது. ஓரத்தில் சுட்ட அப்பளம் மாதிரி கொப்புளம். தொட்டால் தோலோடு வருகிறது. பக்கத்திலேயே பிரேக் பெடல், அதன் பெயிண்ட் அப்படியே பளபளவென்று இருக்கிறது. மேலே சுவரில் மாஸ்டர் சிலிண்டர் தண்டு நுழையும் இடத்தில் ரப்பர் தொப்பி இருக்கிறது, அதை விலக்கியதும் கண்ணுக்கு நேராக ஒரு சொட்டு. நல்லவேளை கண்ணாடி போட்டிருந்தேன்.

வெளியே ஏன் சொட்டவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. எல்லாம் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது. இத்தனை நாள் அதன்மேல்தான் கால் வைத்து ஓட்டியிருக்கிறேன்.

வீட்டுமெக்கானிக் | வியாழன், காலை 7:50

பெயிண்ட் உரிந்தது ஒன்றே போதும். பிரேக் ஆயிலைப் போல பெயிண்டைத் தின்னும் சாமான் அந்த இடத்தில் வேறு கிடையாது. மாஸ்டரின் பின்பக்கக் கப் வாஷர் போய்விட்டது. மிதிக்கும்போது ஆயில் வெளியே கசிகிறது, பெடல் மேலே வரும்போது அதே வழியில் காற்றை இழுத்துக்கொள்கிறது. உங்கள் மெக்கானிக் எடுத்த ஏரெல்லாம் திரும்பி வந்த கதை இதுதான்.

பிளேட் செட் மாற்றியிருந்தாலும் 18 ஆயிரத்துக்கு இரண்டு நாள்தான் நிம்மதி கிடைத்திருக்கும்.

பெரம்பூர்_பிரியாணி | வியாழன், காலை 9:00

சரி, கேபிள் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதாதா? முழு மாஸ்டர் எதற்கு?

பழைய_பிஸ்டன் | வியாழன், மதியம் 1:30

நல்ல கேள்வி. எங்கள் காலத்தில் கிட்தான். சிலிண்டரைக் கழற்றி உள்சுவரில் விரலை விட்டுத் தடவுவோம். நகம் எங்கேயும் மாட்டாமல் வழுக்கினால் கிட் போடுவோம். நகம் மாட்டினால் உள்ளே துருக்குழி விழுந்திருக்கிறது என்று அர்த்தம், புது ரப்பரையும் அது ஒரே மாதத்தில் கிழித்துவிடும். இப்போது நிறைய வண்டிகளில் மாஸ்டர் பிளாஸ்டிக் உடம்போடு வருகிறது, அதைப் பிரிக்கவே வராது, கிட்டும் கிடைக்காது. அப்போது முழுசாகத்தான் மாற்றணும்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தேடுங்கள், பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். புதுப்பேட்டையில் பழைய கதவு, கண்ணாடி, ஹெட்லைட் வாங்கலாம், நானே வாங்கியிருக்கிறேன். ரப்பர் உள்ள பழைய சாமானை மட்டும் அங்கே வாங்காதீர்கள். வெயிலில் எத்தனை வருஷம் கிடந்ததோ.

மணலி_நைட்ஷிஃப்ட் | வியாழன், மாலை 6:20

ஆயில் எதை ஊற்றுவது? எங்கள் கம்பெனி டிரைவர் ஒருவர் அவசரத்துக்குப் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றலாம் என்கிறார்.

வீட்டுமெக்கானிக் | வியாழன், மாலை 6:45

ஐயோ, வேண்டவே வேண்டாம். பவர் ஸ்டீயரிங் ஆயில், இன்ஜின் ஆயில், இதெல்லாம் வேறு ஜாதி. பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். டப்பாவும் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒன்றேதான், ஆகவே பிரேக்கும் சேர்ந்து காலி.

டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. டாட் 3 அல்லது டாட் 4 என்று பிரேக் ஆயிலின் ரகம் இருக்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் முறையே 140, 155 என்று இறங்கிவிடும். கடற்கரையில் குடியிருந்துகொண்டு 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாமல் இருந்தால் அப்புறம் டிகாக்‌ஷன்தான். டாட் 5 மட்டும் சிலிக்கோன், மற்றதோடு கலக்கவே கூடாது. சீல் உடைத்துப் பல மாதம் வைத்திருந்த பாட்டிலும் வேண்டாம், அரை லிட்டர் புதிதாக வாங்குங்கள்.

ராயபுரம்13 | வெள்ளி, இரவு 9:30

மாஸ்டர் கிடைத்துவிட்டது, 2,350 ரூபாய். பிளாஸ்டிக் உடம்புதான், கிட் கிடையாது என்றார்கள். டாட் 4 அரை லிட்டர் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டலாம் என்று நினைக்கிறேன். ஏர் எடுக்கும் முறையை யாராவது விவரமாக எழுதுங்களேன்.

பழைய_பிஸ்டன் | சனி, காலை 6:30

எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கழற்றும் முன் டப்பாவிலிருந்து பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். ஆனால் முழுசாகக் காலியாக்காதீர்கள். கிளட்சுக்குப் போகும் குழாய் பெரும்பாலும் டப்பாவின் மேல்பாதியில் இருக்கும். கிளட்ச் லீக் ஆனாலும் பிரேக்குக்கு அடியில் ஆயில் மிஞ்சட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். கிளட்ச் குழாய் வாய்க்குக் கீழே அளவு வந்ததும் நிறுத்துங்கள், பிரேக்கைத் தொடவே வேண்டாம். பானெட் ஓரத்தில் ஈரத்துணி போட்டு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் வையுங்கள். பெயிண்டில் சொட்டினால் துடைக்காதீர்கள், தேய்ந்து பரவும். உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டு வையுங்கள். ஹாலோ பிளாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள், அது சொல்லிக்கொண்டு உடையாது.

புது மாஸ்டரை மாட்டி, குழாய்களைப் போட்டு, புது ஆயிலை மேல்கோடு வரை ஊற்றுங்கள். நிப்பிளில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெள்ளை டியூப் மாட்டி, மறுமுனையை அடியில் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முழுகவிடுங்கள். டியூப் முனை ஆயிலுக்கு மேலே வந்தால் அங்கிருந்தே காற்றை இழுக்கும்.

அப்புறம் இரண்டு ஆள் வேலை. உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாகத் தரை வரை மிதித்து, "கீழே" என்று சொல்லணும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயில் வந்ததும் மூடி, "விடு" என்று சொல்லணும். நீங்கள் சொல்லும் வரை அவர் காலை எடுக்கவே கூடாது. இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். முதலில் பெடல் தானாக மேலே வராது, கையால் தூக்கிவிடணும். வேகமாகப் பம்ப் அடித்தால் ஆயில் நுரைத்துக் குமிழி சின்னச் சின்னதாக உடைந்துவிடும், அதைப் பிடிப்பது கஷ்டம். ஐந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அளவு குழாய் வாய்க்குக் கீழே போனால் திரும்ப முதலிலிருந்து.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | சனி, காலை 8:10

சில வண்டிகளில் நிப்பிளே இருக்காது. பைப் ஜாயின்ட்டில் கம்பி கிளிப் இருக்கும். அதைத் தூக்கி, பைப்பை ஒரு கிளிக் வெளியே இழுத்தால் அதுவே நிப்பிள் திறந்த மாதிரி. அங்கே பலம் போட்டு முழுசாக உருவிவிடாதீர்கள். எல்லாம் பிளாஸ்டிக்.

ராயபுரம்13 | ஞாயிறு, மதியம் 2:40

பாதிக் கிணறு தாண்டியிருக்கிறேன், உதவி வேண்டும்.

மாஸ்டர் மாட்டியாச்சு. அக்கா பையனை உள்ளே உட்கார வைத்தேன். முதல் பத்து மிதியில் டியூப்பில் சோடா மாதிரி பொங்கியது. அப்புறம் கடுகு கடுகாகக் குமிழி. நடுவில் கேரம் ஆட ஆள் கூப்பிட்டார்கள் என்று நான் "விடு" சொல்லும் முன்னே காலை எடுத்துவிட்டான், டியூப்பில் இருந்த ஆயில் அப்படியே சர்ரென்று உள்ளே திரும்பிப் போனது. மறுபடி முதலிலிருந்து. இப்போது 25 மிதிக்கு மேல் சுத்தமான தேன் நிற ஆயில்தான் வருகிறது, ஒரு குமிழி இல்லை. ஆனாலும் பெடல் பாதி வரை காற்றில் மிதிப்பது போல லூஸ், கீழ்ப்பாதியில்தான் பிடிக்கிறது. ரிவர்ஸ் போட்டால் கிரீச் என்கிறது.

மணலி_நைட்ஷிஃப்ட் | ஞாயிறு, மதியம் 3:00

பெடலை ஒரு கட்டையால் அழுத்தி ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் காற்றெல்லாம் தானாக மேலே ஏறிவிடும்.

பழைய_பிஸ்டன் | ஞாயிறு, மதியம் 3:25

கட்டை வைக்கும் பழக்கம் எனக்கும் தெரியும், எங்கள் ஷெட்டிலேயே செய்வார்கள். ஆனால் பெடல் கீழே இருக்கும்போது மாஸ்டருக்கும் டப்பாவுக்கும் நடுவில் இருக்கும் சின்னத் துளை மூடிவிடும். அப்புறம் காற்று டப்பாவுக்கு எப்படிப் போகும்? பெடல் மேலே இருக்கும்போதுதான் வழி திறந்திருக்கும்.

உங்கள் காற்று மாஸ்டரின் மேல்முனையில் பதுங்கியிருக்கிறது. மாஸ்டர் சாய்வாக மாட்டியிருக்கும், காற்று உயரமான மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கீழே நிப்பிள் வழியாக எவ்வளவு ஆயில் ஓடினாலும் அது நகராது. அதைக் கீழே இழுக்காதீர்கள், மேலேயே அனுப்புங்கள்.

பெரிய சிரிஞ்ச், ஊசி இல்லாமல், மருந்துக் கடையில் கிடைக்கும். டப்பாவில் ஆயிலைப் பாதிக்கு இறக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பொங்கி வழியும். சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, டியூப்பில் காற்று இல்லாமல் வழியவிட்டு நிப்பிளில் மாட்டுங்கள். நிப்பிளைத் திறந்து மெதுவாக மேல்நோக்கித் தள்ளுங்கள். ஒருவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். பழைய ஆயில் முழுக்க வெளியே வந்த பிறகுதான் இந்த வேலை, இல்லாவிட்டால் அழுக்கு மேலே போய் பிரேக் பக்கமும் இறங்கும். முடிந்ததும் நிப்பிளை மூடிவிட்டு, பெடலை மேல்பக்கம் ஓர் அங்குல அளவுக்கு மட்டும் 30 தடவை மெதுவாக ஆட்டுங்கள்.

ராயபுரம்13 | ஞாயிறு, மாலை 5:50

குபுக்!

இரண்டாவது சிரிஞ்ச் பாதி போகும்போது டப்பாவில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு குமிழி வந்து உடைந்தது. அக்கா பையன் "மாமா, வந்துடுச்சு" என்று கத்தினான். அப்புறம் சின்னதாக நாலைந்து. பெடலை லேசாக ஆட்டினதில் இன்னும் இரண்டு. இப்போது மிதித்த உடனே பிடிக்கிறது. இன்ஜின் ஓடும்போது ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. சமதளத்தில் முதல் கியர் போட்டு, பெடலை மிதித்தபடி 2 நிமிஷம் வைத்திருந்தேன், வண்டி இஞ்ச்கூட நகரவில்லை.

கேரம் போட்டியைத் தள்ளி வைத்ததற்கு அவனுக்கு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கிக் கொடுத்தாச்சு.

வீட்டுமெக்கானிக் | ஞாயிறு, மாலை 6:15

அருமை. பெடலின் மேல்பக்கம் விரலால் அழுத்தினால் கொஞ்சம் சும்மா ஆடணும், அதையும் பாருங்கள். ஆட்டமே இல்லாமல் தண்டு மாஸ்டரை எப்போதும் அழுத்திக்கொண்டிருந்தால் பிஸ்டன் சொன்ன அந்தத் துளை திறக்காது. பிரஷர் உள்ளேயே தங்கி, நாளடைவில் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். அப்போது நிஜமாகவே பிளேட் செட் செலவு வரும்.

ராயபுரம்13 | அடுத்த சனி, காலை 10:05

ஒரு வாரம் மணலி போய் வந்தாச்சு, கொருக்குப்பேட்டை கேட்டில் ஒரு நாள் 20 நிமிஷம் நின்றும் பார்த்தாச்சு. அளவு மேல்கோட்டிலேயே இருக்கிறது. தண்டின் தொப்பி காய்ந்திருக்கிறது. ஆயில் மட்டும் லேசாகச் சாம்பல் நிறம் காட்டுகிறது, பரவாயில்லையா?

இன்னொன்று. இன்று கார்பெட்டைக் கழற்றினேன். அடியில் தகரத்தில் ஒரு தட்டு அகலத்துக்குப் பெயிண்ட் முழுக்க உரிந்து, நடுவில் துரு ஆரம்பித்திருக்கிறது.

பழைய_பிஸ்டன் | அடுத்த சனி, காலை 10:40

பைப்பில் ஒட்டியிருந்த பழைய அழுக்கு கரைகிறது. ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை ஆயில் மாற்றுங்கள், போதும்.

தகரத்தைத் தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். பிரேக் ஆயில் கொஞ்சம் மிஞ்சினாலும் மேலே அடிக்கிற பெயிண்ட் நிற்காது. காய்ந்ததும் எமரி பேப்பரால் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட், அதன்மேல் கறுப்பு. ஸ்பாஞ்சைப் பிழிந்து மொட்டை மாடியில் போடுங்கள். துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில் வேண்டாம், வீட்டில் திட்டு விழும்.